செயப்பாட்டு வினை

மாதிரிகள் சேகரிக்கப்பட்டன.
யார் சேகரித்தார் என்று அதில் இல்லை.
இருக்கக் கூடாது, அதுதான் இதழின் நடை.
ஆகவே தேசிங்கு இல்லை.
அவருடைய ஃபைபர் படகு இல்லை.
வலைக்கயிறு சுற்றி நின்றுபோன எஞ்சின் இல்லை.
உப்பனாற்றுச் சேற்றில் இன்னும் கிடக்கிறதே
என் இடதுகால் செருப்பு,
அதுவும் இல்லை.

ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன்.
தலைக்குள் ஓடுவது தமிழ்:
ஐஸில் வைக்கப்பட்டன. அளக்கப்பட்டன. எடையிடப்பட்டன.
பட்டன, பட்டன, பட்டன என்று
விசைப்பலகையும் கூடவே தட்டுகிறது.
பட்டது நண்டா, நானா,
வாக்கியத்தைக் கேட்டால் சொல்லாது.

கடலூர் முதுநகர், மாடி அறை, இரவு மணி இரண்டு.
கரண்ட் போய் வந்ததில்
மின்விசிறி கிளம்ப யோசிக்கிறது.
இரண்டாம் மதிப்பீட்டாளர் ஏழாவது குறிப்பில் கேட்கிறார்:
மேல்கரை நண்டுகளில் இருபத்துமூன்றாம் எண்
ஏன் இவ்வளவு பெரிது?
ஓட்டின் அகலம் நூற்று எழுபத்தொரு மில்லிமீட்டர்.
மற்றதெல்லாம் நூற்றைத் தாண்டவில்லை.

எனக்குத் தெரியாதா? ஒன்றரை வருடமாகத் தெரியும்.
வரைபடத்தில் அந்தப் புள்ளி மட்டும்
குடும்ப போட்டோவில் எக்கி நிற்கும்
பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி.
வைத்துக்கொண்டால் பி மதிப்பு 0.07.
எடுத்துவிட்டால் 0.03.
“எடுத்துடும்மா,” என்றார் கைடு, டீயை ஆற்றிக்கொண்டே,
“ஒரு நண்டுக்காக ஒரு பேப்பரையா விடுவ?”
எடுக்கவில்லை. வீம்புதான்.
காரணமில்லாமல் எடுப்பதற்கு வேறு பெயர் உண்டென்று
முதலாண்டுப் பிள்ளைகளுக்கு
வகுப்பெடுத்த வாய் இது.

விடிந்ததும் சிங்காரத்தோப்புக்குப் போனேன்.
வலை பிரித்துக்கொண்டிருந்தார் தேசிங்கு.
நோட்டை நீட்டினேன்:
நவம்பர் ஒன்பது, மேல்கரை, 23, தே.
நோட்டைப் பார்க்கவில்லை அவர். என்னைப் பார்த்தார்.
“அன்னைக்குப் பாடு இல்லம்மா.
நீ ஆறு கேட்ட, அஞ்சுதான் சிக்குச்சு.
கிள்ளையிலேர்ந்து வந்த கூடை ஒண்ணு ஏலத்துல இருந்துச்சு.
அதுல ஒண்ணு வாங்கிப் போட்டேன்.
கணக்கு கொறஞ்சா உனக்குத் தொல்லையாயிடுமேன்னு.”

எவ்வளவு?

“அஞ்ஞூத்தி நாப்பது.”

நடைக்கு நான் கொடுத்தது அறுநூறு.
டீசல் அவருடையது.

மீதி ஐம்பத்தொன்பது நண்டு, என்று இழுத்தேன்.
“ஆத்துதுதான்,” என்றார் சிரிக்காமல்.
நம்பினேன்.
செய்முறைப் பகுதியில் நம்பியதை எழுத
இடம் கிடையாது.

இந்தக் கரையில் பாடு என்றால் வலையில் விழுவது.
ஊர் முழுக்க, பாடு என்றால் படுவது.
இரண்டையும் தெரிந்துதான்
செயப்பாட்டு வினை என்று பேர் வைத்தார்களா,
திரும்பும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில்
இதுவே ஓடியது. ஓட்டுநர்
சில்லறை கேட்டது காதில் விழவில்லை.

இனி இருபத்துமூன்றை எடுக்கலாம். எடுக்கத்தான் வேண்டும்.
அது இந்த ஆற்று நண்டே இல்லை.
ஆனால் வருவது அதே 0.03.
டீ ஆற்றும்போது சொன்ன
அதே 0.03.
மதிப்பீட்டாளர் நம்பமாட்டார்.
அவர் இடத்தில் நானிருந்தாலும் நம்பமாட்டேன்.
எடுத்தும் எடுக்காமலும்
இரண்டு கணக்கையும் அட்டவணையில் போட்டேன்.
கீழே சிறிய எழுத்தில்:
பெறப்பட்ட இடம் உறுதிப்படாததால்
ஒரு மாதிரி நீக்கப்பட்டது.

நன்றியுரையில் நிதி எண், துறைத்தலைவர்,
நுண்ணோக்கி தந்த கல்லூரி.
அப்புறம் தேசிங்கு என்று அடித்தேன்.
நிறுவனம், என்றது பெட்டி.
காலியாக விட்டால் சிவப்பாகிறது.
சிங்காரத்தோப்பு என்று போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

சமர்ப்பிக்கப்பட்டது, காலை நான்கு பதினொன்று.
எண் ஒன்று தரப்பட்டது.
மூன்று மாதத்துக்குள் முடிவு தெரிவிக்கப்படும்.

அந்த ஐந்நூற்று நாற்பது
இன்னும் கொடுக்கப்படவில்லை.